மலைபடுகடாம்: கால் அறிந்த மலை

மலையைப் பார்ப்பது ஒன்று; மலையில் நடப்பது வேறொன்று. தொலைவில் நின்று பார்ப்பவனுக்கு மலை நீலநிறம் உடையது, முகில் தவழ்வது, அமைதி நிறைந்தது. ஏறி நடப்பவனுக்கோ அதே மலை கல்லும் சறுக்கலும் மூச்சிரைப்பும் ஆகும். இவ்விரண்டனுள் இலக்கியத்துக்கு உரமூட்டுவது எது என்னும் வினாவுக்குத் தமிழில் தெளிவான விடை ஒன்று உண்டு. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாமே அவ்விடை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழ் மாணவனுக்கு மலை கேள்விப்பொருள் அன்று. கோலாலம்பூருக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. அதன் சாரலில் பிறந்த கிள்ளான் ஆறுதான் பிரிக்பீல்ட்ஸின் ஓரமாக ஓடிக் கிள்ளான் நகரைக் கடந்து கடலில் கலக்கின்றது. ஆயினும் 'மலைக்குச் சென்ற ஒரு நாள்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், அம்மாணவன் எழுதுவது என்ன? வானைத் தொடும் சிகரம். வெள்ளியை உருக்கி வார்த்தாற்போன்ற அருவி. பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புல்வெளி. இவை எந்த மலைக்கும் பொருந்தும். ஆதலின் எந்த மலைக்கும் உரியன அல்ல. மாணவனைக் குறை கூறிப் பயனில்லை. மலையை வருணிக்க வேண்டிய காட்சியாக மட்டுமே அவனுக்குக் கற்பித்திருக்கின்றோமோ என்று ஆசிரியர் உலகம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

வழி சொல்லும் பாட்டு

மலைபடுகடாம் 583 அடிகளால் ஆயது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மாவை ஆண்ட நன்னன்சேய் நன்னன் இதன் பாட்டுடைத் தலைவன். செங்கண்மா என்பது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்பர். நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் கூத்தர் தலைவனைக் கண்டு வழி கூறுவதாக இப்பாட்டு அமைந்தது. அதனால் இதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயருண்டு.

ஆற்றுப்படை நூல்கள் பலவற்றுள்ளும் வழிச்செலவு உண்டு. எனினும் மலைவழியை இத்துணை விரிவாக, அடிமேல் அடி வைத்து உரைப்பது இதுவே. வழி கூறுபவன் அவ்வழியே சென்று மீண்டவன். அவன் அறிவு காலால் பெற்ற அறிவு. எந்த இடத்தில் பன்றியைப் பிடிக்கக் குறவர் கற்பொறி அமைத்திருக்கின்றனர் என்பதை அவன் அறிவான். ஆதலின் விடிந்தபின் அவ்வழியே செல்க என்கின்றான். பாம்பு ஒடுங்கிக் கிடக்கும் குழிகள் உள்ள இடத்தை அறிவான். தினைப்புனத்துப் பரண்மீதிருந்து யானையை ஓட்டக் கவணில் எறியும் கல் எந்தப் பக்கம் பாயும் என்பதை அறிவான். மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்லுமாறு எச்சரிக்கின்றான். பாசி படிந்து வழுக்கும் இடத்தில் பற்றிக்கொள்ளக் கொடியும் கோலும் உண்டு என்பதையும் மறவாமல் கூறுகின்றான். மலையில் இருட்டிவிட்டால் குகையில் தங்கலாம். சொந்த வீட்டிற்குள் புகுவதுபோல அச்சமின்றிப் புகலாம் என்று தேற்றுகின்றான்.

இவற்றுள் மிக நுட்பமானது கவர்வழி பற்றிய அறிவுரை. பல வழிகள் கூடிப் பிரியும் சந்தியில், செல்லும் வழி இன்னது என்று தெரிந்தபின், அவ்விடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து வைத்துச் செல்லுமாறு கூத்தன் கூறுகின்றான். முன்னே செல்பவனுக்கு அந்த முடிச்சால் பயன் இல்லை. அவன் வழியைக் கண்டுவிட்டான். பின்னே வருபவன் புதியவனாக இருந்தால் அவனுக்கு அது பயன்படும். காண்பவர் இல்லாத காட்டில், முகமறியாத ஒருவனுக்காகக் குனிந்து ஒரு கைப்பிடிப் புல்லை முடிகின்ற செயலைப் புலவர் அறம் என்று பெயரிட்டுப் போற்றவில்லை. வழிக்குறிப்போடு வழிக்குறிப்பாக வைத்துவிட்டு மேலே செல்கின்றார். இன்றும் மலையேறுவோர் கிளைகளில் வண்ணநாடா கட்டிச் செல்வதைக் காணலாம். இடையே நூற்றாண்டுகள் பல கழிந்தும் காட்டு வழியின் முறை மாறவில்லை.

தடையாக வரும் அழகு

இப்பாட்டில் இயற்கை அழகு இல்லையா எனின், நிரம்ப உண்டு. ஆனால் அது வரும் முறைதான் தனித்தன்மை வாய்ந்தது. மயில் ஆடிக் களைக்கும். குரங்கு மூங்கிற் கிளையில் தாவும். செங்குத்தான பாறையில் தேரின் சக்கரம்போல் தேன்கூடு தொங்கும். இவற்றையெல்லாம் கூறிவிட்டு, இவற்றைத் திடீரென்று திரும்பி நோக்காதீர், வரிசையாகச் செல்லும் உங்கள் அடிகள் வழிமாறிவிடும் என்று எச்சரிக்கின்றான் கூத்தன்.

பார்க்கவேண்டாம் என்று கூறும் வாயிலாகவே பார்க்கச் செய்துவிடுகின்றார் புலவர். அழகு இங்கே வழிநடைக்கு இடையூறாக வருகின்றது. அதனாலேயே அதன் ஈர்ப்பு எத்துணை வலியது என்பது விளங்குகின்றது. 'அந்தோ, என்ன அழகு!' என்று வியப்பவன் சொல்வதைவிட, 'பார்க்காதே, கால் தவறும்' என்று நடப்பவன் சொல்வதில் மலையழகு மிகுதியாகப் புலப்படுகின்றது. வருணனை எழுதப் பழகும் மாணவர்க்கு இவ்வோரிடமே ஒரு முழுப் பாடம் ஆகும்.

கண்ணுக்கு இட்ட இக்கட்டுப்பாட்டைப் புலவர் செவிக்கு இடவில்லை. நூலின் பெயரே ஓசையால் அமைந்தது. மலையை யானையாகவும், அதன்கண் பிறக்கும் ஓசைகளை யானையின் மதமாகிய கடாமாகவும் கொண்டு இப்பெயர் அமைந்ததென உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்குவர். அருவியின் ஒலி, தேனெடுப்போர் ஆரவாரம், கிளி ஓட்டும் மகளிர் குரல், தினை குற்றுவோர் பாடும் வள்ளைப்பாட்டு, புலியால் புண்பட்ட கணவன்மார்க்காகக் கொடிச்சியர் பாடும் பாட்டு, பிளவில் விழுந்த குட்டிக்காக மந்தி எழுப்பும் அரற்றல். பாதையில் கண் ஊன்றி நடப்பவனுக்கு மலை செவி வழியாகவே வந்து சேரும் என்பது நடந்தவர் அனைவரும் அறிந்த உண்மை. காண்பதைக் குறைத்துக் கேட்பதைப் பெருக்கிய இவ்வமைப்புப் புலவரின் கற்பனைத் திறத்தை மட்டும் காட்டவில்லை. அவர்தம் பட்டறிவையும் காட்டுகின்றது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தற்குப் பாடப்பெற்ற அப்பாட்டு 261 அடிகளை உடையது. அதில் தலைவியும் தோழியும் பறித்துப் பாறைமேல் குவித்த 99 பூக்களின் வரிசை பெயர்பெற்றது. அம்மலை அங்கே பிறந்து வளர்ந்தோரின் மலை. அவர்களுக்கு ஒவ்வொரு பூவும் பெயர் சொல்லி அழைக்கத்தக்க உறவு. மலைபடுகடாத்து மலையோ கடந்து செல்வோரின் மலை. அவர்களுக்கு வேண்டுவன வழியும் உணவும் உயிர்க்காவலும் ஆகும். இரண்டும் குறிஞ்சியே, ஆயினும் குடியிருப்போன் குறிஞ்சியும் வழிப்போக்கன் குறிஞ்சியும் வெவ்வேறு. வகுப்பறையில் 99 பூக்களை மனப்பாடம் செய்விப்பவர்கள், புல் முடியும் அந்தக் கையையும் மாணவர்க்குக் காட்டினால் திணை பற்றிய கல்வி நிறைவுபெறும்.

மேனாட்டுப் புதர்வெளி

வழிப்போக்கன் காணும் இந்நிலம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனின் வடபுலத்து மேட்டு நிலங்களில் மரமின்றி விரிந்து கிடக்கும் வெளிகளை மூர் என்பர். அங்கே முழங்கால் அளவுக்கும் குறைவாக வளரும் ஹெதர் என்னும் புதர்ச்செடி, கோடை முடிவில் பூத்துக் குன்றுகளை ஊதாநிறம் ஆக்கும். தானே விளைந்த காட்டு நிலம் என்று தோன்றினும், ஆடு மேய்ச்சலுக்காகவும் வேட்டைப் பறவைகளுக்காகவும் முறைவைத்து எரித்துப் பேணப்படும் நிலமாகவே அதன் பெரும்பகுதி விளங்குகின்றது.

இந்நிலத்தைக் களமாகக் கொண்ட எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' என்னும் நாவல் 1847இல் வெளிவந்தது. மூர் நிலத்தின் பெருமையைப் பரப்பிய நூல் என்று அதனைக் கொண்டாடுவர். ஆனால் அந்நாவலில் நீண்ட இயற்கை வருணனைகளைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். வெளியூரிலிருந்து வந்த லாக்வுட் பனிக்காலத்தில் வீடு திரும்பும் இடத்தில் ஒரு செய்தி வருகின்றது. இருளில் வழி தெரிவதற்காகப் பாதையோரம் கற்களை நட்டுச் சுண்ணாம்பு பூசியிருந்தனர். பனி மூடியதும் அக்கற்களும் மறைந்துபோயின. வழியறிந்தவர் துணையின்றி அவனால் நடக்க இயலவில்லை. பக்கம் பக்கமாக வருணித்தாலும் தோன்றாத மூர், சுண்ணாம்புக் கல் மறைந்த அந்த ஓரிடத்தில் தோன்றிவிடுகின்றது. பெருங்கௌசிகனாரின் புல்முடிச்சும் பிராண்டியின் சுண்ணாம்புக் கல்லும் ஒரே உண்மையின் இரு வடிவங்கள்.

தாமஸ் ஹார்டி இதற்கு மாறான வழியை மேற்கொண்டார். 1878இல் வெளிவந்த 'தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்' நாவலின் முதல் இயல் முழுவதும் எக்டன் என்னும் புதர்வெளியைப் பற்றியதே. மனிதர் எவரும் அதில் இல்லை. ஆயினும் இரண்டாம் இயலில் மனிதன் தோன்றும்போது, அவன் சாலையில் நடந்துவரும் ஒரு முதியவனாகவே தோன்றுகின்றான். அத்தகைய வெளியை நடையாலன்றி அளக்க முடியாது என்பதை ஹார்டியும் உணர்ந்திருந்தார் போலும்.

இத்தகைய நூல்களை மொழிபெயர்க்கப் புகுவோர், மூர் என்பதற்குத் தமிழில் எச்சொல் தகும் என்று மயங்குவர். உயரத்தால் அது குறிஞ்சி, மேய்ச்சலால் முல்லை, புதரன்றி வேறின்மையால் கரம்பு. ஒரு சொல்லுக்குள் அதனை அடக்குதல் அரிது. நிலத்தின் பெயரைத் தேடி வருந்துவதினும், அந்நிலத்தில் நடப்போன் என்ன செய்கின்றான் என்பதைப் பிழையின்றித் தருவதே மொழிபெயர்ப்பாளன் முதற்கடமை. நடை தெளிவானால் நிலம் தானே விளங்கும்.

வந்த நிலத்தின் பூ

இனி, கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு மீள்வோம். 'இங்குள்ள மலைகளில் வேங்கை இல்லை, தினைப்புனம் இல்லை. ஆகவே குறிஞ்சி என்பது நம் மாணவர்க்கு ஏட்டுச் செய்தியே' என்று கருதுவோர் உண்டு. இக்கருத்து ஏற்கத்தக்கதன்று.

கெந்திங் மலைப்பகுதியில் ஏறத்தாழ 1,770 மீட்டர் உயர்ந்து நிற்கும் உலு காலி முகட்டில் நெடுமரங்கள் குறுகிவிடுகின்றன. காற்றும் முகிலும் தாக்கும் அவ்விடத்தில் பாசி போர்த்த குட்டை மரங்களும், ரோடோடென்றன் புதர்களும், கெண்டிபோல் தொங்கும் பூச்சியுண்ணும் செடிகளும் வளர்கின்றன. ரோடோடென்றன் என்பது மேனாட்டு ஹெதர்ச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நீலகிரியின் சோலை ஓரங்களில் செந்நிறமாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் அக்குடும்பத்ததே. யார்க்‌ஷயர், நீலகிரி, உலு காலி ஆகிய மூன்றும் கடல்களால் பிரிந்திருப்பினும், அவற்றின் மேடுகளில் பூப்பன உறவினர்களே.

கோலாலம்பூருக்கு இன்னும் அண்மையில், கிள்ளான் கேட்ஸ் அணைக்கு அருகே, 14 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றது குவார்ட்ஸ் என்னும் வெண்பாறை முகடு. அதன் ஒரு பகுதியே புக்கிட் தாபூர். மண் ஒட்டாத அப்பாறையில் வேறெங்கும் காணப்பெறாத சில செடிகளும் வாழ்கின்றன. ஒருபுறம் அணைநீர், மறுபுறம் நகரம். இடையே கூரிய பாறை. அங்கே கால் தவறி உயிரிழந்தோர் உண்டு. வனத்துறை ஏறுதற்குத் தடை விதித்ததும் உண்டு. கண்ணை அடக்கிக் காலைப் பேணுக என்னும் மலைபடுகடாத்து எச்சரிக்கைக்கு இதனினும் பொருத்தமான உரை வேறு வேண்டுமோ?

பூவும் புள்ளும் வேறுபட்டால் திணையும் இல்லையாகிவிடும் என்று தொல்காப்பியர் கூறவில்லை. ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் அந்நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தி வாராவிடினும், அவை வந்த நிலத்தின் பயனைத் தரும் என்பதே அகத்திணையியலில் அவர் வகுத்த விதி. கடல்கடந்து வாழும் தமிழர்க்கு இதனினும் பயனுடைய இலக்கண விதி வேறில்லை. உலு காலியின் ரோடோடென்றன் குறிஞ்சி நிலத்தில் பூத்தமையால் குறிஞ்சிப் பூவே ஆகும். திணை என்பது செடிகொடிகளின் பட்டியல் எனக் கொண்டால் அது தமிழ்நாட்டு எல்லைக்குள் நின்றுவிடும். நிலத்தோடு மனிதன் கொள்ளும் உறவை அறியும் முறை எனக் கொண்டால் எங்கும் செல்லும்.

இவ்விரிந்த நோக்கிற்குக் கோலாலம்பூரிலேயே அடித்தளம் இடப்பெற்றுள்ளது. சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தைப் பிறநாட்டுக் கவிதையோடு வைத்து ஆராய்ந்த தனிநாயக அடிகள், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கினார். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966இல் அந்நகரில் கூடியதும், நிலமும் கவிதையும் பற்றிய அவருடைய ஆங்கில நூலின் திருத்திய பதிப்பு வெளிவந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. அகப்பாடல்களில் இயற்கை மனித உணர்வுக்குப் பின்புலமாக நிற்பது உண்மையே. மலைபடுகடாத்திலோ அது பின்னே நிற்கவில்லை. காலை இடறும் கல்லாக முன்னே வந்து நிற்கின்றது. ஆராய்ச்சியாளர் மேலும் சிந்தித்தற்குரிய வேறுபாடு இது.

பசியும் நடையும்

மலைபடுகடாத்தைப் போற்றுமிடத்து அதன் எல்லையையும் கூறுதல் வேண்டும். வழியின் இடர்கள் யாவும் இறுதியில் நன்னன் கொடையின் பெருமைக்கே துணையாகின்றன. குறவர் வீடுகளில் கிடைக்கும் ஊனும் தினைச்சோறும், ஆயர் தரும் பாலும்கூட அவன் நாட்டின் வளத்தைக் காட்டவே வருகின்றன. புரவலனைப் புகழ்தல் என்னும் நோக்கம் இல்லையேல், மலை இன்னும் உரிமையோடு பேசியிருக்கும் எனலாம். எனினும் ஒன்றை மறத்தலாகாது. அக்கூத்தர் இன்பப் பயணம் சென்றவர் அல்லர், பசியால் நடந்தவர். மேனாட்டார் விடுமுறையில் மூர் நிலத்து ஹெதர்ப் புதரிடையே உலவும் நடைக்கும் இதற்கும் இடையே பெருந்தொலைவு உண்டு. பசித்தவன் நடையானதால்தான் அதன் குறிப்புகள் இத்துணைக் கூர்மை பெற்றன.

கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் மலைநடையும் அத்தகையதே. தைப்பூசத்துக்குத் தலைநகரின் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து இரதத்தின் பின்னே இரவெல்லாம் நடந்து, பத்துமலையின் 272 படிகளை ஏறும் நடை அனைவரும் அறிந்தது. சேயோன் மேய மலைக்குச் செல்லும் அந்நடைக்குக் காவடிச் சிந்து போன்ற இலக்கிய வடிவமும் உண்டு. ஆனால் இலக்கியம் ஏறாத மற்றொரு நடையும் உண்டு. இரப்பர்த் தோட்டங்கள் பரந்திருந்த நாளில், பொழுது புலருமுன் பெரட்டில் பெயர் கொடுத்து, விளக்கொளியில் மேட்டுச்சரிவின் நிரைகளுக்கு ஏறிய நடை அது. பனியில் நனைந்த சரிவில் எங்கே கால் ஊன்றுவது, அட்டைக்கு என்ன செய்வது, உதிர்ந்த சருகின்கீழ்ப் பாம்பு கிடப்பதை எப்படி அறிவது, நிறைந்த பால்வாளியோடு எவ்வாறு இறங்குவது என்றெல்லாம் அறிந்தவர் ஓராயிரம் பேர். புதிதாக வேலைக்கு வந்தவர்க்கு அவர்கள் கூறிய சொற்கள் கூத்தன் கூறிய சொற்களைப் போன்றனவே. அவையும் ஓர் ஆற்றுப்படை.

அந்நிரைகள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறிவிட்டன. அங்கே நடந்தோர் பிள்ளைகளின் வீடுகளில் முதுமையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களோடு அவ்வழியறிவும் மறைந்துவிடும். மலையக வாழ்வை எழுதிய கதைகளும் நாவல்களும் தோட்டத்தின் துன்பத்தைக் கூறின, அது வேண்டுவதே. ஆனால் கால் வைக்கும் முறையை, செவியால் வழியறியும் முறையைக் கூறும் எழுத்து அரிது. துன்பத்தைக் கூறினால் இரக்கம் பிறக்கும். அவர்தம் அறிவைக் கூறினால் மதிப்புப் பிறக்கும்.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது மிக எளியது. மலைபடுகடாத்தின் வழிக்குறிப்புப் பகுதியை வகுப்பில் விளக்கியபின், 'மலையின் அழகை வருணிக்க' என்று பணிப்பதை ஒருமுறை நிறுத்திவைக்கலாம். அதற்கு மாறாக, வீட்டிலுள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ அவர்கள் விடியலில் நடந்த வழியைக் கேட்டு, அவ்வழியே புதிதாகச் செல்லும் ஒருவனுக்குச் சொல்வதுபோல் எழுதி வருமாறு கூறலாம். வெள்ளியை உருக்கி வார்த்த அருவி அக்கட்டுரைகளில் வாராது. சறுக்கும் மண்ணும், மரப்பாலின் மணமும், இருளில் முன்னே செல்பவர் குரலும் வரும். பெருங்கௌசிகனார் கவர்வழியில் முடிந்து வைத்த புல்லை, இம்மண்ணில் வளரும் பிள்ளைகள் கண்டுகொள்வதற்கு அதுவே வழி.